வலது ஓரத்தில் இரண்டு அங்குலம்

எங்கள் கல்லூரியில் எனக்கு ஓரம் வெட்டுபவன் என்று பெயர். பிராஜெக்ட் அறிக்கைக்கான படத்தை வரிவரியாகக் கட்டளைகளாக எழுதிக் கொடுத்தால், மென்பொருள் அதைத் தனிக்கோப்பாக்கி, சுற்றியுள்ள வெற்றுத் தாளை மயிரிழை மிச்சமில்லாமல் கத்தரித்துத் தரும். பெருமை மென்பொருளுக்குச் சேர வேண்டியது. நான் வாங்கிக்கொண்டேன்.

என் வகுப்பு அரும்பாவூர் புவனேஸ்வரிக்கு ஒரே ஒரு படம் போதும். வெங்காயத்தைச் சேமித்துவைக்கும் கீற்றுப் பட்டறைக்குள் காற்று எப்படிப் புகுந்து வெளியேறுகிறது என்று. போன வருடம் அவள் அப்பா பட்டறையில் போட்டுவைத்த சின்ன வெங்காயம் பாதி அழுகிப்போனது. அதையே பிராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டாள். அந்த மும்முரத்தில் அவள் டிபன் பாக்ஸ் திறக்காமலே ஊர் திரும்பிக்கொண்டிருந்தது.

கேட்டிருக்கலாம். மூன்று வருடமாகக் கிண்டல் மட்டுமே செய்தவன் திடீரென்று அக்கறையாகக் கேட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். அதனால் படத்துக்கு வலப்பக்கம், காலி இடத்தில், வெள்ளை எழுத்தில் கேட்டு வைத்தேன். வெள்ளைத் தாளில் யாருக்குத் தெரியப்போகிறது?

மென்பொருளுக்குத் தெரிந்தது. அது நிறம் பார்ப்பதில்லை. எழுத்து எதுவரையோ அதுவரை படம் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு அப்பால்தான் வெட்டியது.

கடைசி நாள் மதியம் மூன்று மணி. நான்குக்குள் அனுப்பியாக வேண்டும். அறிக்கையில் படத்தை வைத்தால் பட்டறை தீப்பெட்டியாகச் சுருங்கி, பக்கத்தில் வெள்ளையாகக் கிடந்தது. லேப் கம்ப்யூட்டர் மீது பழி போட்டுப் பார்த்தேன். நானே வீட்டில் சரிசெய்து தருகிறேன் என்றேன். அவள் நான் எழுதிய வரிகளையே கேட்டு வாங்கி, மேலிருந்து படித்தாள். கூரை, கீற்று, அம்புக்குறிகள். கடைசி வரியில் நின்றாள்.

'புவனா, சாப்டியா?'

மின்விசிறி சுற்றியது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்குப் போயி ரெண்டு அங்குலம் எடம் புடிச்சிருக்கியேடா," என்றாள் திரையிலிருந்து கண் எடுக்காமல். "வாயத் தொறந்து கேட்டிருந்தா எடமே புடிச்சிருக்காது."

அந்த வரியை அழித்தாள். பட்டறை பத்தியின் அகலத்துக்குக் கச்சிதமாக நிறைந்தது. மூன்று நாற்பதுக்கு அனுப்பிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. சரியா வெட்டியிருக்கேனான்னு பாரு என்று எழுதியிருந்தாள். அதே பட்டறை. இடப்பக்கம் இரண்டு அங்குலம் வெற்றிடம். அதன்மேல் மவுஸை வைத்து இழுத்ததும் வெள்ளை எழுத்து தெரிந்தது.

'இப்பதான் சாப்டேன். நீ?'

கிண்டலாக ஒரு பதில் தேடினேன். பத்து நிமிடம் தேடியும் அகப்படவில்லை. போன் போட்டேன்.