நிறையாத மரஜோடு

1916ஆம் வருடம் ஜூலை இரண்டாம் தேதி ஹார்டன்கிளஃப் கிராமத்தின் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் ஐந்து பேருக்கு வளர்ந்த ஆண்களின் பாதங்கள் இருந்தன. முந்தின நாள் படுக்கப் போகும்போது அவை பிள்ளைப் பாதங்களாகத்தான் இருந்தன என்று ஐந்து தாய்மார்களும் சொன்னார்கள். மூத்தவனுக்கு ஏழு வயது, இளையவளுக்கு நாலு. யாருக்கும் வலி இல்லை. படியேறும்போது முழங்காலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். போதகர் அன்றைக்கு நடத்தவேண்டிய பாடத்தையே நடத்தினார். அடுத்த வாரம் ஐந்து வீடுகளுக்கும் ராணுவ அலுவலகத்தின் நீள உறை வந்தது. ஐந்து தகப்பன்மார்களும் ஜூலை முதல் தேதி காலையில் பிரான்சில் ஒரே வயலில் இறந்திருந்தார்கள்.

ஐந்து பேருமே அட்டைப் பிள்ளைகள். கம்பளிக் கிடங்குக்கு மேல்மாடியில் லம்ப் என்பவர் ஒரு படப்பிடிப்புக்கூடம் வைத்திருந்தார். போர் தொடங்கியதிலிருந்து அவர் சிரிப்பு அஞ்சலட்டைகள் மட்டுமே போட்டார். ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகளைக் கூட்டி வந்து, வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் நிறுத்தி, ஆளுக்கு மூன்று பென்னியும் ஒரு திராட்சை பன்னும் கொடுத்துப் படம் எடுப்பார். சர்க்கரைக் கடை வரிசையில் கூடையோடு நிற்கிற குழந்தை, ரோஜாப் பாத்தியைத் தோண்டி உருளைக்கிழங்கு நடுகிற குழந்தை, இனிமேல் உனக்கும் ரேஷன்தான் என்று பூனைக்கு விரலாட்டி எச்சரிக்கிற குழந்தை. எல்லா அட்டையிலும் குழந்தையின் காலில் அப்பாவின் மரஜோடு இருக்கும். அடியில் ஆல்டர் மரக் கட்டை, மேலே கெட்டித் தோல், கட்டைக்குக் கீழே குதிரை லாடம் போல இரும்பு. ஆலைக்குப் போகிற எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். பட்டாளம் பூட்ஸ் கொடுத்ததால் ஆண்கள் அதை அடுப்பங்கரையில் விட்டுப் போயிருந்தார்கள். அந்தத் தோணி மாதிரி ஜோட்டுக்குள் ஒரு சின்னக் கால் காணாமல் போய் நிற்பதுதான் சிரிப்பு. "அப்பா, நீங்க சண்டையைப் பாருங்க, உங்க ஜோட்டை நான் பாத்துக்கறேன்" என்று எழுதிய அட்டை பதுங்குகுழிகளில் கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. லம்ப் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். ஜோடு அந்தப் பிள்ளையின் சொந்த அப்பாவுடையதாக இருக்க வேண்டும். இரவல் ஜோட்டில் பிள்ளை நடிக்கும், அப்பா ஜோட்டில் பிள்ளை நிற்கும் என்பார்.

ஜூலைக்குப் பிறகு ஐந்து பிள்ளைகளுக்கும் அப்பாவின் ஜோடு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. ஒரு விதவை தன் மகனை மறுபடி கூட்டிப்போனபோது லம்ப் தலையைச் சொறிந்தார். "ஜோடு சரியா இருந்தா அதுல என்னம்மா சிரிப்பு இருக்கு?" என்றார். "சிரிப்பு வேணாங்க. பன்னு மட்டும் குடுங்க, பையன் வழியெல்லாம் கேட்டுட்டே வந்தான்" என்றாள் அவள். லம்ப் இரண்டு பன் கொடுத்தார்.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்துக்குள் இப்படிப் பதினாறு பிள்ளைகள் ஆயிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா இறந்த அன்று ஒரே ராத்திரியில் நடந்தது, ஒருதரமும் தப்பாகவில்லை. சனிக்கிழமைகளில் அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டி வைத்துக் குளிப்பாட்டுகிற ஊர் அது. பதினாறு வீடுகளில் விதவைகள் வாரத்துக்கு ஒரு முறை தங்கள் கணவனின் பாதங்களைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். ஆணியும் காய்ப்பும் அவர்களுக்குத் தெரிந்த இடத்தில்தான் இருந்தன. தபால்காரி மிஸஸ் கிளெக், பையைத் திறக்கும் முன்பு வாசலில் விளையாடுகிற பிள்ளையின் காலைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். "சேதி எனக்கு முன்னாடியே வந்துடுது. அப்புறம் எதுக்கு என்னை இந்த மேடு ஏற வெக்கிறாங்க?" என்று அவள் அஞ்சல் அதிகாரியிடம் முறையிட்டாள். ஒருதரம் படம் எடுத்துவிட்ட பிள்ளைக்கு மாற்று கிடையாது. ஜோட்டைப் பரணில் ஒளித்துவைத்தாலும் வருவது வந்தது. கணவன் உயிரோடு இருந்த பெண்கள் தினமும் காலையில் பிள்ளையை அப்பாவின் ஜோட்டில் நிற்கவைத்து, குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டு இடைவெளி பார்த்த பிறகுதான் ஆலைக்குக் கிளம்பினார்கள்.

ஆனிஸும் அப்படித்தான் பார்த்தாள். அவள் கணவன் எஸ்ரா சாயப்பட்டறைக்காரன். பன்னிரண்டு வருடம் நீலச் சாயத் தொட்டியில் வேலை செய்ததில் அவனுடைய பத்துக் கால் நகங்களும் நீலமாகி, கழுவினாலும் போகாமல் நின்றுவிட்டன. கல்யாணமான புதிதில், நகப்பூச்சு போடுகிற ஆம்பளையை நம்பி வந்துவிட்டேன் என்று அவனைக் கிண்டல் செய்வாள். அவன் கூச்சப்பட்டுக் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வான். அவர்களுடைய மகள் தெர்ஸாவுக்கு ஆறு வயது. சர்க்கரை வரிசை அட்டையில் காலிக் கூடையோடு நிற்கிறவள் அவள்தான். அந்த அட்டையை எஸ்ரா தொப்பிக்குள் வைத்திருந்தான். ஷெல் விழுகிறபோதெல்லாம் தன் மகள்தான் தன் தலையைப் பிடித்துக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தான்.

1917 நவம்பரில் ஒரு நாள் ஆனிஸின் இரண்டு விரல் நுழைகிற இடத்தில் ஒன்றரை விரல்தான் நுழைந்தது. அந்தச் சனிக்கிழமை தொட்டியில் பார்த்தபோது தெர்ஸாவின் இடது சுண்டுவிரல் நகம் நீலமாக இருந்தது. மற்றவர்களுக்கு ஒரே ராத்திரியில் வந்தது இவளுக்கு மெதுவாக வந்தது. டிசம்பரில் அடுத்த விரல். ஆனிஸ் யாரிடமும் சொல்லவில்லை. எஸ்ராவின் கடிதங்களில் கலவரம் ஒன்றும் இல்லை. பூட்ஸ் தளர்ந்துவிட்டது, இரண்டு காலுறை போடுகிறேன் என்று ஒரு கடிதம். வேறு பூட்ஸ் கேட்டேன், யானைக்குத் தைத்ததைக் கொடுத்திருக்கிறார்கள், உள்ளே வைக்கோல் அடைத்திருக்கிறேன் என்று இன்னொன்று. மனுஷன் இளைத்துப்போகிறான் என்று நினைத்து அவள் இஞ்சிக் கேக் சுட்டு அனுப்பினாள்.

ஜனவரியில் குதிகாலுக்குப் பின்னால் அரை விரல்தான் நுழைந்தது. ஆனிஸ் ஜோட்டை எடுத்துக்கொண்டு, தெர்ஸாவையும் கூட்டிக்கொண்டு, ஜோடு செய்கிற ஜேபஸின் கடைக்குப் போனாள்.

"இதை ஒரு அங்குலம் நீட்டணும்" என்றாள்.

"எஸ்ராவுக்குக் கால் வளந்துடுச்சா?" என்று கேட்ட ஜேபஸ், அவளுக்குப் பின்னால் நின்ற குழந்தையின் காலைப் பார்த்தார். கையிலிருந்த நீளக் கத்தியைக் கீழே வைத்தார். "தோலும் மாத்தணும். நாளாகும்."

"நாளாகக் கூடாது. இங்கயே நிக்கிறேன்."

புதுக் கட்டை செதுக்கி, தோலை ஒட்டுப்போட்டு, இரும்பு அடித்து அவர் கொடுத்தபோது தெர்ஸாவின் கால் மறுபடியும் அதற்குள் தொலைந்தது. மூன்று வாரத்தில் கால் அதைத் துரத்திப் பிடித்தது. ஆனிஸ் திரும்பிப் போனாள். ஏப்ரலில் கட்டை தீர்ந்தது. ஆல்டர் மரக் கரி வெடிமருந்துக்கு உகந்தது என்பதால் பள்ளத்தாக்கின் ஆல்டர் மரங்களை எல்லாம் அரசாங்கம் வெட்டிக்கொண்டு போய்விட்டது. ஆனிஸ் தன் சமையலறை மேஜையின் பலகையைக் கழற்றித் தலையில் சுமந்து வந்தாள். மேஜைக்குப் பிறகு தொட்டில், தொட்டிலுக்குப் பிறகு படுக்கையறைக் கதவு.

"அடுத்த தடவை கூரையையும் கொண்டு வந்துடு புள்ள" என்றார் ஜேபஸ்.

"கூரை வீட்டுக்காரனோடது. கதவு மட்டும்தான் எங்களுது."

அவளைப் பார்த்து இரண்டு பெண்கள் தங்கள் வீட்டு ஜோட்டையும் நீட்டிக்கொண்டார்கள். ஒருத்தியின் கணவன் விலாவில் காயத்தோடு ஊர் திரும்பினான். இன்னொருத்தியின் மகன் ஒரு காலையில் பதினோரு அங்குலப் பாதத்தோடு எழுந்தான். நீட்டிய அளவுக்குக் காலும் நீண்டிருந்தது. நீள உறை பின்னாலேயே வந்தது. ஆனிஸ் அந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்டுவிட்டு, நேராக ஜேபஸின் கடைக்குப் போய் இன்னொரு அங்குலம் நீட்டச் சொன்னாள்.

கோடைக்குள் தெர்ஸாவுக்கு எட்டு நகம் நீலமாகிவிட்டது. முன்னொரு நாள் சாயத் தொட்டி கவிழ்ந்து எஸ்ராவுக்கு வலது கணுக்காலில் வெந்த தழும்பும் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை குளிக்கிற தொட்டியில் உட்கார்ந்து தெர்ஸா கேட்டாள், "அம்மா, உள்ளங்கால் கூசுது. அப்பாவுக்கும் கூசுமா?"

"கூசும். ஊரைக் கூட்டிடுவாரு."

"அப்பா செத்துட்டா இந்தக் காலை நானே வெச்சுக்கலாமா?"

"வாயை மூடிட்டு அடுத்த காலை நீட்டு" என்றாள் ஆனிஸ். அன்றைக்குத் தண்ணீர் ஆறும்வரை அவள் அந்தக் காலை விடவில்லை.

செப்டம்பரில் பத்து நகமும் நீலமாயிற்று. குழந்தையின் கணுக்காலுக்குக் கீழே இருந்தது முழுக்க எஸ்ரா. ஆனால் ஜோடு அதற்குள் பதினாறு அங்குலம் ஆகியிருந்தது. பின்னால் நாலு விரல் தாராளமாக நுழைந்தது. எஸ்ராவிடமிருந்து கடிதம் நின்றுபோனது. மிஸஸ் கிளெக் தினமும் தெருமுனையில் நின்று தெர்ஸாவின் காலைப் பார்ப்பாள், பையைப் பார்ப்பாள், குழப்பத்தோடு கடந்து போவாள். அக்டோபரில் ஒரு நாள் நீள உறை கையில் தெரிய மேட்டில் ஏறி வந்தாள். ஆனிஸ் கதவில்லாத படுக்கையறை வாசலில் நின்று பார்த்தாள். உறை பக்கத்து வீட்டுக்கு. நவம்பரில் போர் முடிந்தது என்று ஆலைச் சங்கு ஊதினார்கள். ஆனிஸ் வெளியே போகவில்லை. ஜோட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், துணி துவைக்கிற நாள், தெருக்கல்லில் ஒரு சின்னப் பிள்ளை மரஜோட்டோடு ஓடிவருகிற சத்தம் கேட்டது. "தெர்ஸா, கல்லு ஈரமா இருக்கு, ஓடாதே" என்று கத்தினாள் ஆனிஸ். "நான் இங்கதாம்மா இருக்கேன்" என்றது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். சத்தம் வாசலில் வந்து நின்றது. ராணுவக் கோட்டில், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, எஸ்ரா நின்றான். காலில் குழந்தைகள் போடுகிற பிரெஞ்சு மரச்செருப்பு.

"ஒரு விவசாயி மகளோடது" என்றான். "ரெண்டு டப்பா சிகரெட்டுக்குக் குடுத்தா. கறாரான குட்டி." பிறகு மகளின் காலைப் பார்த்தான். "இங்கயா இருக்கு? நான் பிரான்ஸ் பூராத் தேடிட்டேன்."

ராணுவ மருத்துவர் சான்றிதழில் பாதம் சிறுத்தது, காரணம் தெரியவில்லை, சேவைக்குத் தகுதியில்லை என்று எழுதி முத்திரை வைத்திருந்தார். ஆனிஸ் ஈரத் தரையில் உட்கார்ந்து அந்தச் செருப்பைக் கழற்றினாள். பத்து ரோஜா நிற நகங்கள். அவள் பெற்று, எண்ணெய் தேய்த்து, முத்தம் கொடுத்த பாதங்கள். இரண்டையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "கூசுது ஆனிஸ்" என்றான் எஸ்ரா. "கூசட்டும்" என்றாள்.

எஸ்ரா சாயப்பட்டறைக்குத் திரும்பினான். காற்றடிக்கிற நாளில் மட்டும் கொஞ்சம் தள்ளாடினான். ஜேபஸ் அவனுக்குச் சின்ன ஜோடும் தெர்ஸாவுக்குப் பெரிய ஜோடும் செய்தார். லம்ப் அப்பாவையும் மகளையும் சேர்த்து நிறுத்திக் கடைசியாக ஒரு சிரிப்பு அட்டை போட்டார். மற்ற ஊர்களில் அது நன்றாக விற்றது. ஹார்டன்கிளஃபில் அதைப் பார்த்தவர்கள், இதில் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவரையே கேட்டார்கள்.

ஆனிஸ் நிறுத்தவில்லை. வருடந்தோறும் ஜூலையில் ஜேபஸைக் கொண்டு அந்த ஜோட்டை ஒரு அடி நீட்டுவாள். சண்டைதான் முடிந்துவிட்டதே என்று ஜேபஸ் ஒரே ஒரு முறை சொன்னார். உங்ககிட்ட யார் சொன்னது என்று அவள் கேட்டாள். அதன்பிறகு அவர் கட்டையைச் செதுக்கினார். 1925இல் அது அடுப்பிலிருந்து எதிர்ச்சுவர் வரை வந்தது. 1931இல் சுவரில் இரண்டு கல்லை எடுத்து, அதன் மூக்கைத் தெருவுக்கு விட்டார்கள். மழைக்கு மேலே ஒரு தகரம் போட்டான் எஸ்ரா. ஆலைக்குப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

1939 ஜூனில், செய்தித்தாளில் ஒன்றும் நிச்சயமாகச் சொல்வதற்கு முன்பே, ஜேபஸின் மகன் கடைக்கு முன்னால் இளம் பெண்கள் புருஷனின் ஜோட்டோடு வரிசையில் நின்றார்கள். சிலர் கையோடு மேஜைப் பலகையும் கொண்டுவந்திருந்தார்கள். அன்று அப்பாவின் பாதத்தோடு எழுந்த பிள்ளைகளில் வளர்ந்து குடும்பமானவர்கள் வரிசையின் முன்னால் நின்றார்கள். ஆகஸ்டுக்குள் முப்பத்தோரு வீடுகளின் சுவரிலிருந்து ஜோட்டு மூக்குகள் தெருவுக்கு நீண்டுவிட்டன. வண்டி போக வழியில்லை. ஆலை நிர்வாகம் காரணம் கேட்கவில்லை. கம்பளி மூட்டைகளை இனி ஆற்றோரப் பாதையில் கொண்டுவர வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள்.