கால் கழுவும் தாம்பாளம்

சகல ஜனங்களும் அறியவேண்டியது: ருமேனியாவின் இந்த மூலையில், செம்புப் பாத்திரம் அடிக்கும் ரோமாக்களாகிய, ஊரார் ஜிப்சிகள் என்று ஏசும் எங்கள் குன்றின்மேல், கர்த்தர் தமக்கென்று ஒரு பெந்தெகோஸ்தே சபையை நாட்டினார். அதற்குச் சாட்சியாகத் தகரக் கூரை ஒன்றும், ஒலிபெருக்கிகள் இரண்டும், போதகர் லாசரும் உண்டு.

கர்த்தரை இந்த வேலைக்குத் தூண்டியது, கீழே ஊரில் இருக்கும் ருமேனியர்களின் சபைதான். அங்கே கடைசி பெஞ்சில் நாலு வருஷம் இருந்தோம். திருவிருந்துக்கு முன் ஒருவர் காலை ஒருவர் கழுவுவது வழக்கம். ஒருமுறை லாசருக்கு ஜோடி சேர யாரும் வராமல், மூப்பர் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். கழுவிய பாத்திரத்தைக் கொல்லையில் வீசினார். எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை. கால்பட்ட பாத்திரம் வேறெதற்கும் ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். முகத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. "பரவால்லடா, ஊர்க்காரங்களும் சுத்தபத்தமாத்தான் இருக்காங்க," என்று லாசர் மெச்சிக்கொண்டார். அடுத்த வாரம், அவர்கள் தங்கள் கால் கழுவிய பாத்திரங்களில் விருந்துக்கு மாவு பிசைவதைப் பார்த்தோம். வீசியது எங்கள் பாத்திரத்தை மட்டும்தான்.

அன்றே வெளியேறினோம். நான் ஒரு செம்புத் தாம்பாளம் அடித்தேன், விளிம்பு முழுக்கத் திராட்சைக் கொடி. முதல் ஆராதனையில் லாசர் அதைத் தலைக்குமேல் தூக்கி, "இதுல எந்தக் காலும் தீட்டில்ல," என்றார். அழுதோம். பதினோரு பேர் முந்நூறு பேரானோம். ஊரார் எங்கள் கூரையில் கல்லெறிந்த ஞாயிறுகளில் கூட்டம் இன்னும் பெருகியது. வேறெங்கே போவது?

பிறகு ஒரு அக்டோபரில், பள்ளத்தாக்கில் செங்கல் அறுக்கும் ரோமாக்களின் வீடுகளை ஊரார் கொளுத்தினார்கள். தப்பி வந்தவர்களில் ஸம்ஃபிரா என்ற விதவை, குன்றில் குடிசை போட இடம் கேட்டாள். சபையில் சேர்ந்தவர்களுக்குத்தான் இடம் என்பது லாசரின் விதி. சேர்வதென்றால் யாராவது காலைக் கழுவவேண்டும். செங்கல்காரர்களோ குதிரைக்கறி தின்பவர்கள். குதிரை எங்களுக்குப் பெறாத பிள்ளை.

ஞாயிறன்று ஸம்ஃபிரா பெஞ்சில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள். உள்ளங்காலெல்லாம் தீக்கொப்புளம். எதிரே லாசரின் மனைவி ரொசாலியா அசையவில்லை. வெந்நீர் தூக்கும் ஊழியம் என்னுடையது.

"அண்ணி, தண்ணி ஆறுது."

"இடுப்பு வலிப்பா."

"போன வாரம் பன்னெண்டு பேருக்குக் கழுவுனீங்களே."

"அதனாலதான் வலி."

ஸம்ஃபிரா சிரித்தாள். "விடுங்க, நானே கழுவிக்கிறேன். வீடு எரிஞ்சப்பவும் நானேதான் தண்ணி ஊத்துனேன்."

அவள் காலை நீட்டினாள். லாசர் தாம்பாளத்தைச் சப்பாத்து நுனியால் மெல்லத் தள்ளி நகர்த்தினார். "அவசரப்படாதம்மா. ஜெபிச்சு முடிவு பண்ணுவோம்."

மூன்று நாள் உபவாசம். நான்காம் நாள் லாசர் என் பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, கர்த்தர் பேசிட்டாரு. அந்தம்மா தங்கட்டும்."

"ஸ்தோத்திரம்."

"சபை வளருதுல்ல. இன்னொரு தாம்பாளம் வேணும்."

"யாரு கழுவுறது?"

"அவங்க ஆளுங்களே அவங்களுக்குக் கழுவிக்கட்டும்."

"அதே மாதிரி அடிக்கவாண்ணே?"

அவர் சுவரைப் பார்த்தார். "விளிம்புல கொடியெல்லாம் எதுக்கு."

அடித்துக் கொடுத்தேன். கொடி இல்லாததால் அரை நாள் வேலைதான்.