பீரோவில் இருந்த கார்

ரோபோ பெட்டி பள்ளிக்கு வந்த அன்று கனகலட்சுமி டீச்சர் கத்தரிக்கோலோடு ஓடினாள். தலைமையாசிரியை ஆனந்தவல்லி சாவியோடு வந்தார். சாவி ஜெயித்தது.

ஒரு வருடமாகப் பெட்டி இரும்பு பீரோவுக்குள் கிடந்தது. பீரோ கதவில் கஜலட்சுமி படம். பெட்டிக்குள் மூன்று கார்கள். பிள்ளைகள் கையால் பூட்டி, கழற்றி, திரும்பப் பூட்டிப் பழகுவதற்கு வந்தவை. காரின் முகப்பில் இரண்டு வட்டமாக ஒரு சென்சார். பார்க்கக் கண் மாதிரி இருக்கும். ஒரு வட்டம் ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலியைக் கேட்கும். எதிரே ஏதாவது இருந்தால் கார் நின்று திரும்பிவிடும்.

"பிள்ளைங்க தொட்டா ஒடைஞ்சிரும் கனகம். ஆடிட்ல கேட்டா யாரு பதில் சொல்லுவா?"

"தொடவே இல்லைன்னா கேக்க மாட்டாங்களா டீச்சர்?"

"இதுவரைக்கும் கேக்கலையே."

கேட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்காட்சி என்று சுற்றறிக்கை வந்தது. கார் ஓடாத பள்ளியிலிருந்து பெட்டியைத் திரும்ப வாங்கி வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஆனந்தவல்லி அரைமனதாக ஒரே ஒரு காரை வெளியே விட்டார்.

எட்டாம் வகுப்பு மாரீஸ்வரியும் சப்ரீனும் அதைப் பூட்டினார்கள். சக்கரம் தலைகீழாக மாட்டி, வயர் மாற்றிச் செருகி, சண்டை போட்டு, கடைசியில் ஓட்டினார்கள். கார் சுவர்வரை போனது. நின்றது. திரும்பியது. வகுப்பே பெஞ்சின்மேல் ஏறிக் கத்தியது.

மறுநாள் பள்ளியில் ஆயுத பூஜை. பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று சொல்லி ஆனந்தவல்லி காரை மறுபடியும் பீரோவில் வைத்துப் பூட்டினார். விடுமுறை முடிந்த அன்று கண்காட்சி.

இரண்டு டீச்சர்களும் இரண்டு பிள்ளைகளும் தேவதானத்தில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் மாறி, கண்காட்சி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். காரைத் தரையில் விட்டதும் அது நேரே போய்த் தடுப்புப் பலகையில் முட்டியது. திருப்பி விட்டார்கள். மேஜைக் காலில் முட்டியது. அடுத்த ஸ்டாலுக்குப் போய் அங்கிருந்த அட்டை ராக்கெட்டைச் சாய்த்தது.

"எங்க பாத்தாலும் முட்டுது டீச்சர்" என்றாள் மாரீஸ்வரி.

"தெரியுதுட்டி. எனக்கும் கண்ணு இருக்கு."

கனகலட்சுமி பேட்டரியை மாற்றினாள். வயர்களைப் பிடுங்கிச் செருகினாள். லேப்டாப்பில் புரோகிராமை அழித்து மறுபடி ஏற்றினாள். கார் முட்டியது. முன்பக்கப் பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தது. கார் ஓடுகிறதா என்று பார்க்க வந்த அதிகாரி மூன்று ஸ்டால் தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஆனந்தவல்லி அவருக்குப் பால்கோவா வாங்கப் போயிருந்தார்.

"வா. என்னையும் முட்டு" என்று கனகலட்சுமி காருக்கு எதிரே தரையில் மண்டியிட்டாள்.

கார் வந்தது. முகத்துக்கு நேராக வந்தபோதுதான் பார்த்தாள். இரண்டு வட்டத்திலும் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம்.

காலையிலிருந்து அதைக் கையில்தான் வைத்திருந்தாள். ஆனால் அவர்கள் வந்த பஸ்ஸிலும் பொட்டு இருந்தது. பள்ளி மணியில், மைக்கில், அவளுடைய ஸ்கூட்டரில், லேப்டாப்பின் மூடியில் இருந்தது. அந்த வாரத்தில் பொட்டில்லாத பொருள்தான் கண்ணில் படும்.

"இது பூஜையன்னிக்கு வச்சதா?"

"ஆமா டீச்சர். பெரிய டீச்சர் வச்சாங்க" என்றாள் மாரீஸ்வரி.

"காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"சாமிக்கு வச்சத எப்படி டீச்சர் அழிக்க?"

கனகலட்சுமி சப்ரீன் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு என்னட்டி வந்துச்சு?"

"நான் அழிச்சா அது வேற மாதிரி ஆயிரும்லா டீச்சர்."

கனகலட்சுமி சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். பால்கோவா பொட்டலத்தோடு ஆனந்தவல்லி வந்து நின்றார்.

"பொட்டையா அழிக்கிற?"

"கண்ணு தொறக்கேன் டீச்சர். இது அடைச்சிருந்தா காருக்கு ஒண்ணும் தெரியாது."

"நான் அத நெத்தின்னு நெனச்சேன்."

"அதுக்கு நெத்தியே கெடையாது டீச்சர்."

அதிகாரி வந்துவிட்டார். மாரீஸ்வரி காரை விட்டாள். கார் பலகைவரை போய் நின்று திரும்பியது. அவருடைய ஷூவை நோக்கிப் போனது. நான்கு விரல்கடை இருக்கும்போது நின்றது. யோசிப்பதுபோல் இருந்துவிட்டு விலகிப் போனது.

"நல்லா பழக்கியிருக்கீங்க. பெட்டி உங்க பள்ளியிலயே இருக்கட்டும்" என்றார் அதிகாரி. பால்கோவாவில் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் பெட்டி ஆனந்தவல்லியின் மடியில் இருந்தது.

"போனதும் மொத வேலையா பீரோல வச்சுப் பூட்டிரணும். எம்புட்டு பேரு கண்ணு பட்டுச்சோ."

கனகலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வருடம் கெஞ்சியாயிற்று. இனி கெஞ்சத் தெம்பில்லை.

ஆனந்தவல்லி பெட்டியைத் திறந்து காரை எடுத்துத் தடவிப் பார்த்தார். விரல் கீறலில் நின்றது.

"இது என்ன?"

"முட்டினதுல விழுந்தது. கண்ணு தெரியாமத்தான முட்டிச்சு."

ஆனந்தவல்லி ராஜபாளையம் வரும்வரை காரை மடியிலும் வைக்காமல் பெட்டியிலும் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போது அதைக் கனகலட்சுமியிடம் நீட்டினார்.

"ஒடைஞ்ச சாமானை லட்சுமி இருக்க எடத்துல வைக்கக் கூடாது. இத நீ வகுப்புலயே வச்சுக்க."

"சரி டீச்சர்."

"மத்த ரெண்டும் நல்லா இருக்கு. அது பீரோலயே இருக்கட்டும்."

பின்சீட்டிலிருந்து சப்ரீன் தலையை நீட்டி, கனகலட்சுமியின் காதோரம் கேட்டாள்.

"டீச்சர், மத்த ரெண்டையும் முட்ட வைக்கட்டா?"

"செத்த பொறு" என்றாள் கனகலட்சுமி.