அலகில்லாத முப்பது

அந்த மரப்பட்டறையில் பென்சில் என்றால் காதில் செருகுகிற சாமான் அல்ல, மேஜை செய்யும் தச்சர். பதினோரு வருடமாக அவர் கைக்குத் தப்பான அளவு வந்ததே இல்லை. காரணம், அங்கே யாரும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதுவதில்லை. வெளியே போய் அளந்து வருகிற அளவுக்காரர் சென்டிமீட்டரில் எழுதுவார். சீட்டு எழுதும் அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கூடவே ஒரு பூஜ்யம் போட்டு மில்லிமீட்டர் ஆக்குவார். பென்சில் அறுப்பார். இதைப் பற்றி மூவரும் பேசிக்கொண்டதே கிடையாது. நல்ல குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

முதலாளி வந்து கெடுத்தார். 'இனி எல்லாரும் மில்லிமீட்டர்' என்று சுவரில் ஒரு பலகை மாட்டிவிட்டு ஒன்பது நாள் வெளியூர் போனார். அளவுக்காரர் பயந்த சுபாவம். ஓர் அலுவலகக் கூட்ட அறை மேஜைக்கு 3000, 1200 என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்தார். அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது பலகை. அவர் வழக்கம்போல் இரண்டுக்கும் ஒவ்வொரு பூஜ்யம் சேர்த்தார்.

சீட்டைப் பார்த்ததும் பென்சில் பூஜ்யங்களை விரல் வைத்து இரண்டு தடவை எண்ணினார். முப்பது மீட்டர் நீளம், பன்னிரண்டு மீட்டர் அகலம். போன மாதம்தான் முதலாளி சொல்லியிருந்தார்: "சீட்டுல இருக்கறதை அறு. மூளையை வீட்டுல வெச்சுட்டு வா. இன்னொரு தடவை கேள்வி கேட்டே, வேலை கிடையாது."

மகளுக்குக் கல்லூரியில் இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ரம்பத்தை எடுத்தார், வைத்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி எடுத்தார்.

"பெரிய கம்பெனி போல," என்றார் அக்கா, எட்டாம் நாள் பின்சுவரை இடிக்கும்போது.

ஊர் திரும்பிய முதலாளி அந்த மேஜையிலேயே விசாரணை வைத்தார். பட்டறையில் வேறு எதற்கும் இடமில்லை. கால் உயரம் மட்டும் சீட்டில் ஏறாத சமாச்சாரம் என்பதால் எல்லாரும் சாதாரணமாக உட்கார முடிந்தது. முதலாளி ஒரு கோடியில், மூவரும் மறு கோடியில். அவர் பக்கம் தூறல், இவர்கள் பக்கம் நல்ல வெயில். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கடைசியில் ஒரு தாளில் எழுதினார். அக்கா நடந்துபோய் வாங்கி வந்தார்.

'பென்சில், 30 முடிந்ததும் வேலையை விட்டு நிற்கவும்.'

"முப்பது என்னக்கா? நாளா, வாரமா?"

"எழுதலையேப்பா. போய்க் கேளு."

"நல்லா கேட்டேன் போ!"

அக்கா தாளைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றினார். கைப்பழக்கம் விடுமா? 300 என்று விழுந்தது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "முந்நூறு என்ன?"

"அதான் தெரியலையே."

"கேக்கறதுக்கென்ன?"

"கேட்டா வேலை போயிடும்."

"இப்ப போகலையாக்கும்!"

"போகும். எப்பன்னு தெரியாது. அது வேற."

"மில்லிமீட்டர் பார்த்து அறுக்கற மனுஷன், பொழைப்புல மட்டும் குத்துமதிப்பு," என்று அவள் விளக்கை அணைத்தாள். பென்சில் புரண்டு புரண்டு படுத்தார்.

முப்பத்தோராம் நாள் காலை சாப்பாட்டுப் பையுடன் பட்டறை வாசலில் நின்றார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. முதலாளி வந்தார். பையைப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டி 300 மீது விரலை வைத்தார். வாய் திறந்தது, மூடியது. இது நாளா மாதமா என்று கேட்டால், அலகு எழுத மறந்தவர் யார் என்பது மூன்று பேருக்கும் தெரிந்துவிடும்.

"என்ன மசமசன்னு நிக்கறே? உள்ள போய் அந்த மேஜையை நூறு மேஜையா அறு!"

பென்சில் போனார். பையை ஆணியில் மாட்டக் கை நீட்டினார். முந்நூறு ஞாபகம் வந்தது. மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

இன்றைக்கும் இழைப்புளி தள்ளும்போது அந்தப் பை அவர் இடுப்பில் இடித்துக்கொண்டே இருக்கிறது.