கோயில்பிள்ளை வண்டியில் இடம் உண்டு

ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் ஞாயிறு, பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, டெக்சாஸ் மாநிலத்து இர்விங்கில், கோயில்பிள்ளை என்பவரின் ஏழு இருக்கை மினிவேனுக்குள் நான்காவது வரிசை ஒன்று உண்டானது. சாம்பல் நிறத் துணி உறை, மூன்று சீட் பெல்ட், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கப் ஹோல்டர் என்று மற்ற வரிசைகளில் இருப்பவைதான் அதிலும் இருந்தன. வண்டியின் வெளி நீளம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. அன்று வெயில் நூற்று நான்கு டிகிரி.

கோயில்பிள்ளை தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரர். வயது நாற்பத்தெட்டு. லாஸ் கொலினாஸில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் மேலாளர். அடுத்தவர் எழுதியதில் பிழை பிடிப்பது அவருடைய உத்தியோகம், அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பிறந்த நாற்பதாம் நாள் ஞானஸ்நானம் பெற்ற அவர், ஒரு ஞாயிறும் ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ஆனால் திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங்குக்குப் போகிற முகத்தோடுதான் போவார். பாட்டு வரும்போது உதடு அசையும், சத்தம் வராது. சந்தோஷம் என்பது எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. கிரீன் கார்டு வந்த சந்தோஷம் பதினொரு நாள். வீடு வாங்கிய சந்தோஷம் பதினேழு நாள். மேலாளர் ஆனது ஒரு வெள்ளிக்கிழமை; அது ஞாயிறு மாலைவரை இருந்தது. மினிவேனை அவர் வாங்கியது அப்பாவும் அம்மாவும் வந்து ஆறு மாதம் தங்கப் போகிறார்கள் என்று. விசா நேர்காணலுக்குத் தேதி வந்த மாதத்தில் அப்பா காலமானார், ஏழு மாதம் கழித்து அம்மா. ஒரே மகள் ஜெமிமா படிக்க ஆஸ்டின் போய்விட்டாள். பின் இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. ஐந்து வருடமாக அந்த வண்டியில் அவரும் மனைவி ஸ்வீட்லினும் மட்டும் போய் வந்தார்கள்.

அந்த ஞாயிறும் அப்படித்தான் புறப்பட்டார்கள். அமெரிக்கச் சபை ஒன்றின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, தமிழ்ச் சபையார் மாலை நான்கு மணிக்கு ஆராதனை நடத்திவந்தார்கள். வழியில் நடைபாதை இல்லாத ஒரு சாலையோரம், காய்ந்த புல்லின்மேல், ஒரு பெண் ஒரு கையில் பால் கேனும் மறுகையில் அரிசிப் பையுமாக நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய துப்பட்டாவின் நுனியைப் பிடித்தபடி இரண்டு பிள்ளைகள். கோயில்பிள்ளை அவர்களைக் கடந்து போய்விட்டார்.

"அந்தப் பிள்ளைங்க இந்த வெயில்ல நடக்குதுங்க. வண்டியத் திருப்புங்க" என்றாள் ஸ்வீட்லின்.

"சர்ச்சுக்கு லேட்டாயிரும்."

"லேட்டா வந்ததுக்கு ஆண்டவரு மெமோவா குடுக்கப் போறாரு? திருப்புங்கன்னா திருப்புங்க."

அடுத்த சிக்னலில் அவர் யூ டர்ன் அடித்தார். அந்தப் பெண் மஹ்பூபா, பல்லாவரத்திலிருந்து வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. கணவன் ஷாஹுல் ஹூஸ்டனில் கிளையன்ட் வேலையில் இருந்தான். இருந்த ஒரே காரும் அவனோடு இருந்தது. மூத்தவன் ஆதில் ஏறிய வேகத்தில் பின் இருக்கையின் பிளாஸ்டிக்கைக் கிழித்துவிட்டான். அவர்களுடைய அபார்ட்மெண்டுக்கு இரண்டு தெரு முன்னால், மெத்தை கடையிலிருந்து தலையணைகளைச் சுமந்துகொண்டு நான்கு இளைஞர்கள் வியர்த்து வழிய வந்தார்கள். ஸ்ரீநிவாஸும் ஷ்ரேயஸும் அவர்களுடைய அறைத் தோழர் இருவரும். ஒரே அபார்ட்மெண்ட் என்று மஹ்பூபா அடையாளம் சொன்னாள். கோயில்பிள்ளை மனதுக்குள் எண்ணினார்: ஐந்தும் நான்கும் ஒன்பது, இடமில்லை. அதற்குள் பின்னாலிருந்து மஹ்பூபா, "ஏத்திக்கோங்கண்ணா, இங்க இன்னொரு சீட் இருக்கு பாருங்க" என்றாள். இருந்தது. நால்வரும் தலையணைகளோடு உட்கார்ந்தார்கள். யாருக்கும் அது விசேஷமாகப் படவில்லை, ஏசி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

அன்று ஆராதனைக்கு இருபத்திரண்டு நிமிடம் தாமதம். கடைசி பெஞ்சில் போய் நின்ற கோயில்பிள்ளையின் வாயிலிருந்து சத்தம் வந்தது. முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. ஸ்வீட்லின் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் புருஷன் பாடி அவள் கேட்டதில்லை. அவருக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. எதற்கு என்று தேடினார். சம்பளம் உயரவில்லை, கடிதம் எதுவும் வரவில்லை. வியாழக்கிழமையும் அது இருந்தது. பதினெட்டாம் நாளும் இருந்ததைப் பார்த்தபின் நாளை எண்ணுவதை விட்டுவிட்டார்.

வண்டியை மட்டும் சோதிக்காமல் விடவில்லை. டேப் வைத்து அளந்தார். வெளியே ஐந்து மீட்டர் பதினேழு சென்டிமீட்டர். உள்ளே, ஆளில்லாதபோது, மூன்றே வரிசை. யாராவது நடந்துபோகிற நேரத்தில் வண்டி நிறைந்திருந்தால் மட்டும் நான்காவது வந்தது. அக்டோபரில் ஐந்தாவது வந்தது. ஸ்வீட்லின் டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ். அங்கே திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் வருகிற சுந்தரராமன் என்ற அறுபத்தொன்பது வயதுக்காரருக்கு, ஏற்பாடு செய்த வண்டி அடிக்கடி வராமல் போகிறது என்று அவள் சொன்னாள். மனைவியை இழந்தவர், மகன் கலிபோர்னியாவில், பிளசன்டனில். கோயில்பிள்ளை ஆபீஸில் பேசி, அந்த நாட்களில் அதிகாலையே வேலையைத் தொடங்கிக்கொண்டார். சுந்தரராமனை ஏற்றப் போகிற வழியில் டிரைவிங் டெஸ்டுக்குப் போகிறவர்கள், டேகேரில் பிள்ளையை விடுகிறவர்கள், ஊருக்குப் போக ஏர்போர்ட் போகிறவர்கள் ஏறினார்கள். வண்டிக்குள் எப்போதும் அவர் பாடிக்கொண்டிருந்தார். சுருதி சரியில்லை என்று கர்நாடக சங்கீதம் தெரிந்த சுந்தரராமன் சொன்னார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

விஷயம் சபைக்குத் தெரிந்தது. சபையின் செயலாளர் இளமாறன், நல்ல மனிதர், இதை ஒரு சாட்சியாக வீடியோ எடுத்து உலகத்துக்கே காட்ட வேண்டும் என்றார். அதிலிருந்து கோயில்பிள்ளை மாறத் தொடங்கினார். வாரத்துக்கு மூன்று தடவை வண்டியைக் கழுவினார். உள்ளே சாப்பிடக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். வரிசைகளை எண்ணி, ஒன்பது என்று வேண்டியவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னார். நவம்பர் கடைசியில், இளையவள் ஃபைஹாவுக்குக் காய்ச்சல், டாக்டரிடம் போக வேண்டும் என்று மஹ்பூபா கூப்பிட்டபோது, "முன்னாடியே சொல்லணும்மா, இன்னிக்கு வண்டிய பாலிஷ் பண்ணக் குடுத்திருக்கேன்" என்றார். அவள் பரவாயில்லைண்ணா என்று வைத்துவிட்டாள்.

வீடியோவுக்குக் குறித்த நாள் டிசம்பர் மாதத்து ஒரு புதன்கிழமை. சர்ச் வாசலில் முப்பது பேர் நின்றார்கள். கோயில்பிள்ளை கோட் போட்டிருந்தார். இளமாறன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின் கதவைத் திறந்தார். உள்ளே மூன்று வரிசை இருந்தது, அதற்குப் பின்னால் ஸ்டெப்னி டயர். மறுபடி மூடித் திறந்தார். மூன்றுதான். ஆட்களை ஏற்றிப் பார்த்தார்கள், எட்டாவது ஆள் கதவில் இடித்துக்கொண்டார். யாரும் கேலி செய்யவில்லை; காபி குடித்துவிட்டு மெதுவாகக் கலைந்தார்கள். அப்போதுதான் கோயில்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலரை. சுந்தரராமனுக்கு டயாலிசிஸ் முடிந்தது இரண்டு மணிக்கு.

ஸ்வீட்லினுக்கு அன்று விடுமுறை. சென்டர்க்காரர்கள் வண்டி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார்கள். சுந்தரராமன் வாசல் பெஞ்சில், வாடைக் காற்றில், சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி போட்ட இடத்துக் கட்டின்மேல் ரத்தம் லேசாகக் கசிந்திருந்தது.

"மன்னிச்சிருங்க சார்" என்றார் கோயில்பிள்ளை.

"வந்துட்டேளே, போறும். ஹீட்டரைப் போடுங்கோ, விரலெல்லாம் மரத்துப் போச்சு."

கோயில்பிள்ளை ஹீட்டரைக் கூட்டி வைத்தார். பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கின் ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். "எல்லாம் போச்சு சார். வண்டி பழையபடி ஏழு சீட்டு ஆயிருச்சு."

சுந்தரராமன் யோசித்துப் பார்த்தார். "நேக்கு ஒண்ணு போறுமே, மிஸ்டர் பிள்ளை" என்றார்.

கோயில்பிள்ளைக்கு அழுகையின் நடுவில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. சுந்தரராமனை வீட்டில் விட்டு, அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, அங்கிருந்து நேராக மஹ்பூபா வீட்டுக்குப் போய், ஃபைஹாவின் காய்ச்சல் எப்படியிருக்கிறது என்று கேட்டார். குணமாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. "நீங்க அன்னிக்கு அப்படிச் சொன்னது கஷ்டமாத்தாண்ணா இருந்துச்சு" என்று மஹ்பூபா மறைக்காமல் சொன்னாள். டீயும் கொடுத்தாள். நோட்டீஸை அவர் அன்றே கிழித்துப் போட்டார். மறுநாள் முதல் ஏழு இருக்கை வண்டியில், ஆறு ஆறு பேராக, இரண்டு நடை மூன்று நடை அடித்தார். சந்தோஷம் திரும்ப வந்திருந்தது. வரிசைகள் வரவில்லை. அவர் அவற்றைத் தேடவும் இல்லை.

ஜனவரியில் பனிப்புயல் வந்தது. வியாழன் நள்ளிரவிலிருந்து ஐஸ் மழை. வெள்ளிக்கிழமை காலை சாலையெல்லாம் கண்ணாடி, மஹ்பூபாவும் சுந்தரராமனும் குடியிருந்த ஒரே அபார்ட்மெண்ட் வளாகத்தில் கரண்ட் இல்லை. டயாலிசிஸ் சென்டரில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோனதால் மூடிவிட்டார்கள். இரவு ஷிப்டுக்குப் போன ஸ்வீட்லின் அங்கேயே மாட்டிக்கொண்டு, நோயாளிகளின் சாய்வு நாற்காலியில் படுத்தெழுந்தாள். சுந்தரராமனுக்கு வெள்ளிக்கிழமை முறை தவறியது. கோயில்பிள்ளை நடந்தே போய் அவருடன் தங்கினார். சனிக்கிழமை சுந்தரராமனுக்குக் கால் வீங்கியது. ஞாயிறு காலை படுத்தால் மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டால் ஆறு மணி நேரம் ஆகும் என்றார்கள். எட்டு மணிக்கு ஸ்வீட்லினிடமிருந்து போன் வந்தது: "குழாய் சரியாயிருச்சு, ஜெனரேட்டர் ஓடுது. சாரை எப்படியாவது கூட்டிட்டு வாங்க. இன்னிக்கு விட்டா தாங்காதுங்க."

கோயில்பிள்ளை வீட்டுக்கு ஓடிப்போய் வண்டியை எடுத்து வந்து, சுந்தரராமனை முன் இருக்கையில் சாய்த்து உட்கார வைத்தார். அபார்ட்மெண்ட் வாசல் மேட்டில் ஏறும்போது சக்கரம் சுழன்று வண்டி பின்னுக்கு வழுக்கியது. மூன்று தடவை வழுக்கியது. மாடியில் கம்பளி போர்த்தி நின்ற மஹ்பூபா மேலிருந்து சத்தம் போட்டாள்: "அண்ணா, வெயிட் பத்தலை! இருங்க, நாங்க ஏர்றோம்!"

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறினாள், ஹூஸ்டனிலிருந்து வந்திருந்த ஷாஹுல் ஏறினான். ஸ்ரீநிவாஸ் அறைக்காரர்கள் நால்வரும் ஏறினார்கள். எப்படியும் வீட்டுக்குள் வெளியைவிடக் குளிர், வண்டியில் ஹீட்டர் ஓடியது. தரைத்தளத்து மெக்சிகோ குடும்பம் ஒன்று அடுப்பில்லாமல் இருந்தது, அவர்களும் கைக்குழந்தையோடு வந்தார்கள். கோயில்பிள்ளை எண்ணவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுந்தரராமனின் மூச்சை. கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டி கொஞ்சம் தரையில் அழுந்தியது. பிறகு சக்கரம் ஐஸைக் கடித்துப் பிடித்தது, மேடு ஏறியது.

சென்டர் மூன்றரை மைல். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. வழியில் சர்ச் மண்டபத்தின் வாசலில், கரண்ட் இல்லை, ஆராதனை கிடையாது என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு போதகரும் இளமாறனும் நின்றார்கள். அவர்களையும் ஏற்றிக்கொண்டார். பாலத்தின்மேல் வண்டி ஒரு தடவை பக்கவாட்டில் நகர்ந்தபோது கோயில்பிள்ளை பாட ஆரம்பித்தார், பயத்தில்தான். பின்னால் போதகர் சேர்ந்துகொண்டார். வரி தெரியாதவர்கள் கைதட்டினார்கள். பாட்டின் தாளத்துக்கே வண்டி போயிற்று. சென்டர் வாசலில் ஸ்வீட்லின் சக்கர நாற்காலியோடு நின்றாள். பத்து நிமிடத்தில் சுந்தரராமனின் கையில் ஊசி ஏறியது; ஒரு மணி நேரத்தில் மூச்சு சீரானது; மூன்றாம் மணி நேரத்தில் அவர் காபி கிடைக்குமா என்று கேட்டு ஸ்வீட்லினிடம் திட்டு வாங்கினார்.

அந்த நான்கு மணி நேரமும் பார்க்கிங்கில் நின்ற வண்டிக்குள் ஆராதனை நடந்தது. போதகர் ஆறாவது வரிசையிலிருந்து பிரசங்கம் செய்தார். முன்னாலிருந்தவர்களும் பின்னாலிருந்தவர்களும் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். மதியம் மஹ்பூபாவும் ஷாஹுலும் திசை கேட்டு, பதினோராவது வரிசைக்குப் பின்னால் இருந்த இடத்தில் தொழுதார்கள். மெக்சிகோக்காரர்கள் கொண்டுவந்த ரொட்டியும் ஷ்ரேயஸ் கொண்டுவந்த முறுக்கும் கைமாறின. தெருவில் தவித்தவர்கள் இன்னும் சிலர் கதவைத் தட்டி ஏறினார்கள். இளமாறனின் போனில் சார்ஜ் இல்லாததால் எதுவும் பதிவாகவில்லை. அவர் அதைப் பற்றி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஈஸ்டருக்கு மறுநாள் சபையில் எல்லாருக்கும் அசன விருந்து வைக்கிறார்கள். அண்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பும், ஹலால் கறியில் தனிச் சட்டியும், சுந்தரராமனுக்கு உப்பில்லாத ரசமும் வண்டியில்தான் வருகின்றன. கோயில்பிள்ளையின் சுருதி இன்னும் சரியாகவில்லை. வருடாந்தரச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோனால், நிலையத்துக்காரர் டார்ச் லைட்டோடு உள்ளே நடந்து போய்த் திரும்பி வந்து, எல்லா பெல்ட்டும் பூட்டுகிறது என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறார். இர்விங்குக்குப் புதிதாக வருகிற தமிழர்களுக்கு யாராவது அந்த போன் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். போன வாரம் ஏர்போர்ட்டிலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கி, நாங்க கொஞ்சம் பெரிய குடும்பம் சார் என்று ஆரம்பித்தார். கோயில்பிள்ளை எத்தனை பேர் என்று கேட்கவில்லை. எந்த கேட் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, சாவியை எடுத்தார்.