இடது சிலிண்டர்

அக்கா புருஷனின் முகத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. மாமா என்று கூப்பிட வாய் வரமாட்டேன் என்கிறது.

அக்காவுடையது பழைய இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். அவளே சம்பாதித்து வாங்கியது. இரண்டு சிலிண்டருக்கும் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்ப ஒரே கார்ப்பரேட்டர்தான். ஒரே உதையில் கிளம்பும், மேட்டின் மேலிருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு அவளைத் தினமும் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகளிடம் பந்தா காட்ட அந்த மனுஷன் அந்த ஒற்றைக் கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக இரட்டைக் கார்ப்பரேட்டரைத் தானே மாட்டினார். மெக்கானிக்கான மச்சான் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். என்னிடம் கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம்.

அன்றிலிருந்து மேட்டில் வண்டி திணறியது. "ரெட்டைக்கெல்லாம் கைப்பக்குவம் வேணும், உங்க அக்காவுக்கு ஓட்டத் தெரியல" என்றார். அக்கா எதிரிலேயே நானும் தலையாட்டினேன். வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லி, வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மாதம்!

நேற்றுக் காலை போனபோது மேசைமேல் பெயர் மாற்றும் படிவம் கிடந்தது. வண்டி அவர் பெயருக்கு, அக்கா இனி பேருந்தில். அவள் பேனாவைத் திறந்துவிட்டாள்.

"அஞ்சு நிமிஷம் பொறு அக்கா."

வாசலில் வண்டியைக் கிளப்பி ஓடவிட்டேன். ஈரவிரலால் வலது புகைக்குழாயைத் தொட்டேன், சுரீரென்றது. இடது குழாயில் உள்ளங்கையையே வைத்துக்கொண்டு நிற்க முடிந்தது; அந்தப் பக்கச் சிலிண்டர் வேலையே செய்யவில்லை. டேங்கைக் கழற்றினேன். இடது கார்ப்பரேட்டருக்குப் போகவேண்டிய ஆக்சிலேட்டர் கேபிளைச் சுருட்டி, டேப் சுற்றி, அடியில் ஒளித்துவைத்திருந்தது. மறந்து விட்டவன் டேப் சுற்றமாட்டான்.

"ரெண்டு கார்ப்பரேட்டரும் ஒத்தே போகலடா," என்றார் பின்னாலேயே வந்துநின்ற அந்த மனுஷன், பல்லைக் காட்டிக்கொண்டு. "அதான் ஒண்ணைக் கழட்டிவிட்டேன். வெளிய தெரியாதுல்ல?"

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா என் மானம் என்னாவுறது?"

காறித் துப்பலாம் போலிருந்தது. பாதி எஞ்சினோடு மேடு ஏறியவளைத்தான் ஓட்டத் தெரியாதவள் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். படிவத்தை நாலாகக் கிழித்தாள். அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அவர் சொன்னதை நான் நம்பவே இல்லடா. மெக்கானிக் நீ தலையாட்டினே பாரு, அப்பதான் நம்பினேன்."