தமிழ் தெரியாத சாமியாரின் வரிசை

லூனாஸுக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த மாதா கோயிலில் தவக்காலத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனம் நடக்கும். பங்குச் சாமியார் தமிழர். அவர் பீடத்துக்கு வலப்பக்கம் உட்காருவார். உதவிக்குப் பினாங்கிலிருந்து வரும் சீனச் சாமியார் இடப்பக்கம். அவருக்கு எழுபத்தெட்டு வயது, தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. 'எந்த மொழியிலும் பாவத்தைச் சொல்லலாம், ஆண்டவருக்கு எல்லா மொழியும் தெரியும்' என்று ஒரு வருடம் பங்குச் சாமியார் பெருந்தன்மையாக அறிவித்துவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வலப்பக்கம் புதுநன்மை வாங்கப் போகும் நாலு பிள்ளைகள் மட்டும் நின்றார்கள். இடப்பக்க வரிசை வாசலைத் தாண்டி மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடம்வரை போனது.

அந்த வரிசையில் நிற்பதே பாதி பாவசங்கீர்த்தனம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பெரிய பாவம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஊரறிய நின்றார்கள், ரகசியம் காப்பாற்றப்பட்டுவிட்ட நிம்மதியோடு.

பாடகர் குழுத் தலைவர் திவாகரன் இந்த வருடம்தான் முதன்முறையாக இடப்பக்கம் வந்தார். திங்கட்கிழமை அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன். மூன்று அடைப்பு என்றார் டாக்டர். நான்காவது அடைப்பு ஒன்று இருப்பது திவாகரனுக்கு மட்டும் தெரியும். அதோடு படுக்கையில் ஏற அவருக்குப் பயமாக இருந்தது.

ஆறு வருடங்களுக்கு முன் ஆயருக்கு அவர் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதியிருந்தார். பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி நடத்திவந்த ஜெயகுமார் குடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறார் என்று. ஜெயகுமார் குடித்தது உண்மைதான், கூலிமில் ஒரு கல்யாணத்தில், அரை கிளாஸ் பீர். விஷயம் பீர் இல்லை. ஈஸ்டர் இரவில் பெரிய மெழுகுதிரியின் முன்னால் நின்று பாடும் புகழுரையைப் பதினொரு வருடமாகப் பாடியவர் திவாகரன். அந்த வருடம் சாமியார் அதை ஜெயகுமாருக்குக் கொடுத்துவிட்டார். உயிர்த்த ஆண்டவரின் புகழைத் தானே பாடவேண்டும் என்ற பக்தி முற்றிப்போய் திவாகரன் கடுதாசி போட்டார். ஜெயகுமாரை வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். பாட்டு திவாகரனிடம் திரும்பி வந்தது. ஜெயகுமார் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

"திவாகரண்ணே, நீங்களுமா இந்தப் பக்கம்?"

திரும்பிப் பார்த்தார். சரியாகப் பின்னால் ஜெயகுமார்.

"ஆமா தம்பி. அங்க பிள்ளைங்க நிக்குது. அதான்."

"எனக்கு ஒரு சூசா அண்ணே, பெரிய தொல்லை. ஆறு வருசமா ஒருத்தவங்க மேல வஞ்சம். சோறு எறங்கல. இன்னிக்கு எறக்கி வச்சிரணும்."

திவாகரன் வலப்பக்கத்தைக் கை காட்டினார். "அத நம்ம சாமியார்கிட்டயே சொல்லலாமே?"

"சொன்னா ஆளு யாருன்னு கண்டுபுடிச்சிருவாருலா. பாவம், அவங்க பேரு கெட்டுப்போயிரும்."

மொட்டைக் கடுதாசி எழுதியவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

அவர் முறை வந்தது. முழங்காலிட்டு, நல்ல தமிழில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பொறாமையைச் சொன்னார். வேலை செய்த தொழிற்சாலையின் கம்ப்யூட்டரில் கடுதாசி அடித்ததைச் சொன்னார். ஒவ்வோர் ஈஸ்டருக்கும் பாடும்போது தொண்டை அடைப்பதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, "பாகுஸ், பாகுஸ்," என்று மலாயில் சொல்லித் தலையாட்டினார். நல்லது, நல்லது. கடுதாசிக்கும் பாகுஸ்தான், கண்ணீருக்கும் பாகுஸ்தான். பிறகு மூன்று விரலைக் காட்டி, "டிகா காலி சலாம் மரியா," என்றார். பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். மன்னிப்பு கிடைத்துவிட்டது.

திவாகரன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். யாருக்கும் புரியக்கூடாது என்றுதான் அங்கே போனார். இப்போது யாருக்குமே புரியவில்லையே என்று துக்கமாக இருந்தது. ஒருவனை ஆறு வருடம் கடைசி பெஞ்சில் உட்காரவைத்ததற்கு மூன்று மரியேதானா? ஒருவர் நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு மரியே முடிந்து மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தபோது ஜெயகுமார் எழுந்து வந்தார். முகம் கழுவி விட்டதுபோல் இருந்தது. நேராக முன் பெஞ்சுக்குப் போனார். அங்கே மாதர் குழுத் தலைவி குணவதி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கடுதாசி போன காலத்தில் கோயில் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தட்டியவர் அவர்தான்.

"குணவதிக்கா, ஒங்கள நான் மன்னிச்சிட்டேன்."

"என்னத்துக்குப்பா?"

"அதான்கா, ஆயருக்குப் போன கடுதாசி. பழச விடுங்க. இப்ப மனசுல ஒன்னும் இல்ல."

ஜெபமாலை நின்றது. "நானா எழுதுனேன்? ஆறு வருசமா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போனது இதுக்குத்தானா? என் மவன் கல்யாணத்துல ஒன்னச் சரியா கவனிக்கலன்னுலா நெனச்சேன்!"

"பரவால்லக்கா. மன்னிச்சிட்டேன்னுதான் சொல்றேன்."

"செய்யாத தப்புக்கு எனக்கு மன்னிப்பு வேற தர்றியா? அத நீயே வச்சிக்கோ!"

இடப்பக்க வரிசை முழுவதும் பாவங்களை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது. திவாகரன் பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கு மன்னிப்பு ஏற்கெனவே கிடைத்தாயிற்று, சட்டப்படி குறையொன்றும் இல்லை. ஆனால் மூன்றாவது மரியே, 'எங்கள் மரண நேரத்திலும்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. குணவதியின் கண்ணில் தண்ணீர் நிற்பதையும் அவர் பார்த்தார்.

எழுந்து போனார். "அவங்க இல்ல தம்பி. நான்தான். அந்தப் பாட்டுக்காக எழுதுனேன்."

ஜெயகுமார் அவரைப் பார்த்தார். முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்கியது.

"இப்பதாண்ணே அந்தாண்ட எறக்கி வச்சிட்டு வந்தேன்," என்றார். "அஞ்சு நிமிசம்கூட ஆவல."

திரும்பி நடந்தார். வாசலுக்குப் போகிறார் என்று திவாகரன் நினைத்தார். ஜெயகுமார் வலப்பக்கம் திரும்பி, பிள்ளைகள் போய் ஆளில்லாமல் கிடந்த தமிழ்ச் சாமியாரின் இடத்துக்கு முன்னால் போய் நின்றார்.

வரிசை முழுவதும் திவாகரனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் போய், ஓர் ஆள் இடம் விட்டு, ஜெயகுமாருக்குப் பின்னால் நின்றார். இதையெல்லாம் இன்னொரு தடவை சொல்லவேண்டும், இம்முறை புரிகிற ஒருவரிடம்.

ஜெயகுமார் திரும்பவில்லை. ஆனால் ஓரடி விலகி வழி விட்டார்.

"நீங்க முன்னால போங்கண்ணே. ஒங்களுக்குத் திங்கக்கெழம ஆப்பரேஷன். எனக்கு எறக்கி வைக்க இன்னும் நாளாவும்."